அகன்ற ஓரமுள்ள வேதாகமம்: இளம் மிஷனரியின் கையில் எப்படி உழைக்கிறது?

பணித்தளத்துக்குப் புறப்படும் இளைஞர்களுக்குச் சபையாரும் நண்பர்களும் வாங்கிக் கொடுக்கும் பொருள்களில், பக்கத்தின் இருபுறமும் எழுத இடம் விட்டு அச்சிடப்பட்ட வேதாகமம் அடிக்கடி இடம்பெறுகிறது. பிரசங்கக் குறிப்பு எழுத வசதியானது என்று சொல்லித்தான் இதைப் பெரும்பாலும் விற்கிறார்கள். ஊழியத்தில் நாள்தோறும் இதைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் என் கருத்து சற்று வேறானது. பிரசங்கக் குறிப்புக்கு இது சுமாரான கருவிதான். அந்த வேலையைச் சாதாரண நோட்டுப்புத்தகம் இன்னும் நன்றாகச் செய்யும். ஆனால் ஊழியம் செய்கிற ஒருவர் தமது சொந்த ஆவிக்குரிய வாழ்க்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தாமே பார்த்துக்கொள்ள இதைப்போல் உதவும் பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எந்தப் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இந்த வகைப் பதிப்புகளுக்குப் பொதுவான குணங்களையும் குறைகளையும் மட்டுமே எடைபோடுகிறேன்.

இந்த ஏற்பாடு புதிதன்று. 1513-ஆம் ஆண்டு ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களைப் பற்றி விரிவுரை நடத்தத் தொடங்கிய சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் தாராளமாக வெற்றிடம் விட்டுச் சங்கீத புத்தகத்தைத் தமது மாணவர்களுக்காகத் தனியே அச்சிடச் செய்தார். அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், சிறிய வேதாகமம் ஒன்றின் தாள்களுக்கு இடையில் வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு பிரதியை 1730 முதல் வைத்திருந்து, 1758-இல் தமது மரணம் வரையில் அதில் ஆயிரக்கணக்கான குறிப்புகளை எழுதினார். அவரைப் பெரிய இறையியலாளராக மட்டும் அறிந்தவர்கள், 1751 முதல் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புற ஊரில் அவர் பூர்வகுடி மக்களிடையே மிஷனரியாகவும் ஊழியம் செய்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேதாகமத்தில் ஆகமங்கள் எனப்படும் 66 உள்நூல்களும் 1,189 அதிகாரங்களும் இருப்பதால், கைக்கு அடங்கும் நூலாக அதைக் கட்ட வேண்டுமானால் மெல்லிய தாளைத் தவிர வேறு வழியில்லை. அலுவலகங்களில் பயன்படும் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் வரை எடையுள்ளது. வேதாகமத் தாளோ பெரும்பாலும் அதில் பாதியை எட்டுவதே அரிது. இவ்வளவு மெல்லிய தாளில் ஜெல் பேனாவால் எழுதினால், மை ஊறி மறுபக்கத்து வசனத்தின் மேலே நிழலாக விழும். நிறமி மையுள்ள மெல்லிய முனைப் பேனாவும் மென்மையான பென்சிலுமே இதற்கு ஏற்றவை. வசனத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டுமானால் ஈர மார்க்கரை விட்டுவிட்டு வண்ணப்பென்சிலை எடுக்க வேண்டும். எந்தப் பேனாவானாலும் கடைசிப் பக்கத்து வரைபடங்களின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது. இரு பக்கங்களின் வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி அச்சிடப்பட்ட பிரதியில் மறுபக்க எழுத்துகள் கண்ணை உறுத்துவதில்லை. வாங்குமுன் ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டு. பசையால் மட்டும் ஒட்டிய பிரதி, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையோ வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தையோ திறந்தால் மேசைமேல் தட்டையாகக் கிடக்காது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கும். பைக்குள் போட்டு வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகச் செல்கிறவருக்குத் தையல் கட்டுள்ள பிரதியே நிலைத்து நிற்கும். உள்பக்க ஓரம் கட்டின் மடிப்புக்குள் எவ்வளவு ஆழமாகப் புதைந்துபோகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அட்டையின்மேல் ஓரத்தின் அகலத்தைப் பெருமையாகச் சொல்லும் சில பதிப்புகளில், மடிப்பை ஒட்டிய பகுதியில் பேனாவின் முனைகூட நுழைவதில்லை. அட்டை தோலா ரெக்ஸினா என்பது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

இந்தப் பொருளின் உண்மையான பலன் அந்த இரண்டு ஓரங்களை எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. வெளிப்பக்க ஓரத்தைப் பிறருக்காகவும் உள்பக்க ஓரத்தை எனக்காகவும் வைத்திருக்கிறேன். வேதபாடம், வீட்டு ஜெபக்கூட்டம், வாலிபர் கூட்டம், சபையில் செய்தி கொடுத்தல் ஆகியவற்றுக்குப் பயன்படும் விளக்கங்கள், ஒத்துவாக்கியங்கள் (அதே கருத்துள்ள பிற வசனங்கள்), பிரிவுத் தலைப்புகள் எல்லாம் மையினால் வெளிப்பக்கத்தில் இடம்பெறும். அன்று காலையில் அந்த வசனம் என்னோடு பேசியது என்ன, எதை அறிக்கையிட வேண்டியிருந்தது, எதற்கு இன்னும் கீழ்ப்படியவில்லை என்பவை பென்சிலால், தேதியுடன், உள்பக்கத்தில் இடம்பெறும். சில மாதங்கள் இப்படி எழுதிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினால் ஊழியத்தின் கணக்கு வழக்கு கண்முன்னே தெரியும். ரோமர் நிருபத்தின் வெளிப்பக்க ஓரத்தில் இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லை. அதே பக்கத்தின் உள்பக்க ஓரமோ வெள்ளையாக இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தில் நிலைமை தலைகீழ். அதைப் பற்றி யாருக்கும் செய்தி கொடுக்கும் துணிவு எனக்கு வந்ததில்லை. ஆனால் இருளிலேயே முடிகிற அந்தச் சங்கீதத்தின் அருகில் வெவ்வேறு மாதங்களின் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, அவற்றில் சில ஒரே ஒரு வரியுடன்.

இளம் மிஷனரியின் அன்றாட வாழ்க்கையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, நாள் முழுவதும் வேதத்தோடு இருக்கிறவர் ஆவிக்குரிய விதத்தில் வளராமல் இருக்க முடியுமா என்று தோன்றலாம். காலையில் மொழிப்பயிற்சி, பிறகு வீடு சந்திப்பு, நோயாளிகளுக்காக ஜெபம், பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் கூட்டம், இரவில் ஊழியத்தைத் தாங்கும் பங்காளர்களுக்கு ஜெபக் கடிதம் என்று நாள் ஓடுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் தேவைப்படுகிறது. அதனால் வேதத்தைத் திறக்கும்போதே இது யாருக்குப் பயன்படும், எந்தக் கூட்டத்தில் சொல்லலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. தியான நேரமும் செய்தி தயாரிக்கும் நேரமும் எந்த இடத்தில் ஒன்றாயின என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஜெபக் கடிதம் நிறைந்திருக்கும், கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கும், கேட்கிறவர்களும் பிரயோஜனமாய் இருந்தது என்பார்கள். உள்ளே வறண்டுபோனதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இராது. அந்த வெற்று ஓரம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அனாதைப் பிள்ளைகளின் ஊழியத்தால் அறியப்பட்ட ஜார்ஜ் முல்லர் 1841-இல் எழுதிய ஒரு குறிப்பு இதற்கு மிகவும் பொருந்தும். எழுந்தவுடன் நேரே ஜெபத்தில் இறங்குவதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருந்த அவர், மனம் அலைபாய்வதைக் கண்டு, முதலில் வேதத்தைத் தியானித்து அதிலிருந்தே ஜெபத்துக்குள் செல்லும்படி தமது முறையை மாற்றிக்கொண்டார். பிறருக்குப் பிரசங்கிப்பதற்காக அல்லாமல் தம் ஆத்துமாவின் ஆகாரத்துக்காகவே அப்படித் தியானித்ததாகவும், அவ்வாறு பெற்றது பிற்பாடு மற்றவர்களுக்கும் ஆகாரமாயிற்று என்றும் அவர் சொல்கிறார். உள்பக்க ஓரத்தில் எழுதிய குறிப்பு சில மாதங்கள் கழித்து, பேசச் சொல்லாமல் பேசுகிற சாட்சியாக ஒரு வீட்டுத் திண்ணையில் வெளிப்படுவதை நானும் கண்டிருக்கிறேன். எதிர்த்திசையில், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு ஒரு குறிப்பு இடம் மாறியதாக எனக்கு நினைவில்லை.

வாசிப்புத் திட்டத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இந்தப் பிரதி இன்னும் நன்றாக உழைக்கும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்கெய்ன் 1842-இல் டண்டி நகரில் தமது சபையாருக்காக வகுத்த திட்டம் இன்றும் பலருக்குப் பழக்கமானது. நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள் வீதம் ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் முடிகின்றன. அந்த நான்கில் இரண்டைக் குடும்பமாகவும் இரண்டைத் தனிமையிலும் வாசிக்கும்படி அவர் பிரித்து வைத்திருக்கிறார். என் இரண்டு ஓரங்களும் அந்தப் பிரிவினைக்குள் அப்படியே பொருந்திவிடுகின்றன. திட்டத்தைக் கொடுக்கும்போதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதி வைத்தார்: அது வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டமாக வாசிக்கலாம், தாங்க முடியாத நுகமாகவும் ஆகலாம். கூட்டங்கள் தொடர்ந்து நடக்கும் வாரங்களில் நான்கு அதிகாரங்கள் என்பது நுகமாகத்தான் இருக்கிறது. அந்த வாரங்களில் தனிமைக்குரிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து. நம்மில் பெரும்பாலோர் அந்த நெருக்கடியில் தனிமைக்குரியதைத்தான் முதலில் வெட்டுகிறோம்.

புதிய மொழி கற்கிறவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பழக்கமான வசனத்தின் கீழ் ஓரத்தில் அதே வசனத்தைப் பணித்தளத்து மக்களின் மொழியில் எழுதி வைத்தால், மொழிப்பாடமும் மனப்பாடமும் ஒரே மூச்சில் நடக்கும். ஆனால் வேற்று எழுத்துமுறையில் சிறியதாக எழுதக் கை பழகும் வரையில் இதைத் தனித்தாளில் செய்துவிட்டுப் பிறகு படியெடுப்பது நலம்.

குறைகளைச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. முதல் குறை எடை. ஓரத்துக்கு இடம் விட்டதால் நூல் பெரிதாகிறது. பெரிதாக்க விரும்பாத பதிப்பாளர்கள் எழுத்தைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். மங்கலான விளக்கொளியில் ஒரு பெரியவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அவரால் முடிவதில்லை. வேதத்தை இதுவரை தொட்டிராத ஒருவரின் வீட்டில் இவ்வளவு பெரிய, கிறுக்கல்கள் நிறைந்த நூலைத் திறந்து வைப்பது அவரை மிரள வைக்கவும் கூடும். அங்கே மெல்லிய புதிய ஏற்பாடு ஒன்றோ, வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் செல்பேசியிலுள்ள ஒலி வேதாகமமோ எவ்வளவோ மேல். வசனம் தேடுவதிலும் பல மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவதிலும் செல்பேசிச் செயலியோடு இந்த நூல் போட்டியிட முடியாது. ஆனால் அதிகாலையில் செயலியைத் திறந்தால் இரவில் வந்த செய்திகளும் கூடவே திறந்துகொள்கின்றன. காலை வேளைக்கு அச்சுப் பிரதியையே பரிந்துரைப்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது குறை கடுமையானது. இதைப் பற்றி விற்பனையாளர்கள் எச்சரிப்பதில்லை. கையால் எழுதிய குறிப்புக்கு மறுபிரதி கிடையாது. நனைந்தால், தொலைந்தால், பேருந்தில் மறந்து வைத்தால் அத்தனையும் போயிற்று. அதனால் முக்கியமான பக்கங்களை அவ்வப்போது படம் எடுத்துச் சேமித்து வைப்பது அவசியம். அதைவிட அவசியமானது, யாருடைய பெயரையும் ஓரத்தில் எழுதாமல் இருப்பது. நம்மிடம் மனம் திறந்து பேசியவரின் குடும்பச் சிக்கலை ஜெபக்குறிப்பாக ஒரு வசனத்தின் அருகே எழுதி வைத்துவிட்டு, அதே பிரதியை அடுத்த வீட்டில் கைமாற்றிக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகமாக முடியும். விசுவாசத்துக்கு வந்தது வெளியே தெரிந்தால் துன்பத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் இருக்கும் இடங்களிலோ ஒரு பெயர் ஓர் உயிரையே ஆபத்தில் தள்ளலாம். ஓரத்தில் தேதியும் நம்மைப் பற்றிய வரியும் மட்டும் போதும். பிறருக்கான ஜெபக்குறிப்புகளுக்கு வேறு இடம் வேண்டும், சில வேளைகளில் எழுதாமல் மனத்தில் வைத்திருப்பதே மேல்.

மூன்றாவதாக, இந்த நூல் ஒருவகைக் காட்சிப்பொருளாக மாறிவிடும் அபாயமும் உண்டு. நான்கு வண்ணங்களில் அழகாக அலங்கரித்த பக்கங்களைப் படம் எடுத்துப் பகிர்வது இப்போது பரவலாகிவிட்டது. அலங்காரத்தில் தவறில்லை, ஆயினும் பிறர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வந்த அந்தக் கணத்தில் உள்பக்க ஓரமும் வெளிப்பக்க ஓரமாகிவிடுகிறது, வாங்கிய நோக்கம் அங்கேயே முடிந்துவிடுகிறது. என் பிரதியின் உள்பக்கக் குறிப்புகளை உடன் ஊழியரிடம்கூட நான் காட்டுவதில்லை.

யார் வாங்கலாம் என்று கேட்டால், ஏற்கெனவே தினமும் வாசிக்கும் பழக்கம் வேரூன்றியவர்களும், ஓரளவு நிலையாக ஓர் இடத்தில் தங்கி ஊழியம் செய்கிறவர்களும் தயங்காமல் வாங்கலாம். வாசிக்கும் பழக்கத்தை இது உண்டாக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதல் சில அதிகாரங்களின் ஓரங்கள் நெருக்கமாக நிறைந்து, மூன்றாம் ஆகமமான லேவியராகமம் வருவதற்குள் எழுத்து நின்றுபோன பிரதிகள் பல வீடுகளில் இருக்கின்றன. குறுகிய காலப் பயணமாகச் செல்லும் குழுவினருக்கு இந்தச் சுமை தேவையில்லை. நீங்கள் விரும்பும் மொழிபெயர்ப்பில் அகன்ற ஓரப் பதிப்பு கிடைக்கவில்லை என்றால், சாதாரண வேதாகமத்தையும் இரண்டு மெல்லிய நோட்டுகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பிறருக்கும் மற்றதைத் தமக்கும் ஒதுக்கி, பக்கத்தின் தலைப்பில் ஆகமத்தையும் அதிகாரத்தையும் குறித்துக்கொண்டு எழுதினாலும் இந்த முறை அப்படியே செல்லும். இரண்டாவது நோட்டைப் பைக்குள் எடுத்துச் செல்லாமல் வீட்டிலேயே விட்டுவரலாம் என்ற வசதியும் அதில் கூடுதலாகக் கிடைக்கிறது.