வடசென்னையில் ஒரு கேம்பிரிட்ஜ் பள்ளி: ஆறாவது வரை தைரியமாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் விசாரித்துவிட்டுச் சேருங்கள்

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் வீடு இருக்கிறவர்கள் ‘இன்டர்நேஷனல்’ போர்டு போட்ட பள்ளிகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் பாடத்திட்டத்தை நடத்துகிற அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறார்கள், பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் யூகேஜி. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லப் போவதால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

சின்ன வகுப்புகள்தான் இந்தப் பள்ளியின் பலம். இங்கிலாந்தில் பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரைக்கும் தனியாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறது, அதில் பேச்சு, உடல் வளர்ச்சி, மற்றவர்களோடு பழகுவது இந்த மூன்றுக்கும்தான் முதலிடம், எழுத்தும் கணக்கும் அதற்கு அடுத்துதான் வரும். இங்கேயும் அதே வழிதான். பையன் எல்கேஜி முழுக்க மணல், தண்ணீர், களிமண் என்றே இருந்தான், “பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலு கோடு நோட்டுல ரெண்டு பக்கம் எழுதுதும்மா, இவன் இன்னும் பென்சிலே பிடிக்கலையே” என்று என் மாமியார் புலம்பாத நாள் இல்லை. இந்த வருடம் ஃபோனிக்ஸ். எழுத்தின் பெயரைச் சொல்லித் தராமல் ஒலியைச் சொல்லித் தருகிறார்கள், ஸ், அ, ட், ப், இ, ன் என்று ஆறு ஒலிகளை முதலில் பழக்கிவிட்டார்கள், அதை வைத்தே பின், டேப், டின் என்று தானாகக் கூட்டி வாசிக்கிறான். மனப்பாடம் இல்லை, அழுகை இல்லை. மாமியார் இப்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

அடுத்தது பிரைமரி. நம் ஊரில் தொடக்கப் பள்ளி ஐந்தாவதோடு முடியும், கேம்பிரிட்ஜில் ஆறு ஸ்டேஜ், அதாவது பதினோரு வயது வரை. பெரியவள் அந்த ஆறு வருடமும் சந்தோஷமாகப் படித்தாள். அறிவியலில் என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்து எழுத வேண்டும், பிறகு செய்து பார்க்க வேண்டும், ஊகம் தப்பானால் ஏன் என்றும் எழுத வேண்டும், அந்தப் பழக்கம் அவளிடம் இன்னும் இருக்கிறது. ஆறாவது முடிவில் செக்பாயின்ட் என்று ஒரு தேர்வு, விடைத்தாளைத் திருத்துவது கேம்பிரிட்ஜ், அதனால் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே குறை தமிழ். பீரியடும் குறைவு, அக்கறையும் குறைவு, வீட்டில் நாங்கள் தினமும் பேப்பர் வாசிக்க வைத்ததால் தப்பித்தோம்.

ஏழாவதிலிருந்துதான் சரிவு. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் லோயர் செகண்டரி, அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஐஜிசிஎஸ்இ, நம் பத்தாவதுக்குச் சமமான கேம்பிரிட்ஜ் தேர்வுக்கான படிப்பு. கணக்கு டீச்சர் மாறிக்கொண்டே இருந்தார், புதிதாக வந்தவர் முந்தையவர் எங்கே விட்டார் என்று பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை. ஃபீஸ் மட்டும் குறையாமல் ஏறியது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஐஜிசிஎஸ்இ-யில் கணக்கு, அறிவியல் மாதிரியான பாடங்களில் கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவானது) என்று இரண்டு நிலை உண்டு. கோர் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. என் மகளைக் கணக்கில் கோர் பட்டியலில் போட்டிருந்தார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேறொரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நேரில் போய்ப் பேசி மாற்ற வைத்தோம். சொந்தக் காசில் படிக்க வைக்கிற பெற்றோருக்கே தெரியாமல் ஒரு பிள்ளையின் உச்சவரம்பை முடிவு செய்வது என்ன நியாயம்? இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆய்வகமும் அப்படித்தான். இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வாகவே ஒரு தாள் எழுதலாம் என்று கேம்பிரிட்ஜ் அனுமதிக்கிறது. பள்ளி அதைப் பிடித்துக்கொண்டு லேப் பக்கமே பிள்ளைகளை விடுவதில்லை. ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைத் தொடாமலே டைட்ரேஷன் சோதனை பற்றிப் பதில் எழுதுகிறார்கள். ஆறாவது வரைக்கும் எதையும் செய்து பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று வளர்த்த அதே பள்ளி இது.

டியூஷனும் கஷ்டம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டையில் தெருவுக்குத் தெரு டியூஷன் சென்டர், எல்லாம் ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ. ஐஜிசிஎஸ்இ-க்கு அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைன். மருத்துவம்தான் லட்சியம் என்றால் இன்னும் யோசியுங்கள், நீட் கேள்விகள் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டித்தான் வரும், ஏ லெவல் (கேம்பிரிட்ஜின் பிளஸ் டூ) படித்துக்கொண்டே அதையும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவளுக்கு டிசைன்தான் இஷ்டம். ஐஜிசிஎஸ்இ முடித்ததும் ஏ லெவலா, ஸ்டேட் போர்டு பதினொன்றாவதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

சின்னவனை ஆறாவது வரை இங்கேயேதான் வைத்திருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. ஏழாவதுக்கு மேல் சேர்க்கை கேட்டுப் போகிறவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பிரவுச்சர் பார்த்துவிட்டு வராதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன வருடம் எத்தனை பேர் எக்ஸ்டெண்டட் எழுதினார்கள், கணக்கு டீச்சர் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார், தேர்வுக் கட்டணம் ஃபீஸில் அடக்கமா தனியா, எல்லாவற்றையும் கேளுங்கள். மழுப்பினால் அட்மிஷன் ஃபாரம் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.