காட்டுயிரியலா, விலங்கியலா? விலங்கு நடத்தை படிக்க எது தோது

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு விலங்கு நடத்தை படிக்க ஆசைப்படுபவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். எம்.எஸ்சி. காட்டுயிரியல் ஒன்று, எம்.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்து ஆய்வேட்டுக்கு நடத்தையை எடுத்துக்கொள்வது இன்னொன்று. நான் போனது இரண்டாவது வழி, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கால்நடை மருத்துவத்தை இதில் சேர்க்கவில்லை, அது வைத்தியப் படிப்பு.

காட்டுயிரியலின் கவர்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) என்று நல்ல இடங்கள் உண்டு. என்.சி.பி.எஸ்.ஸில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் சேர்க்கை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: ஆய்வேட்டுக்கு எந்த விலங்கைத் தினமும் பார்க்க முடியும்? கையில் இருப்பதோ சில மாதங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது வந்தாலும் சிறுத்தை கண்ணில் பட வேண்டுமே! எச்சத்தையும் தடத்தையும் வைத்து என்ன தின்றது என்று சொல்லலாம், யார் யாரை விரட்டியது என்று சொல்ல முடியாது. நடத்தை ஆய்வுக்கு அதே விலங்கை மறுநாளும் பார்த்தாக வேண்டும்.

கல்லூரி வளாகத்து நெட்டிலிங்க மரத்தில் அது நடக்கும். குட்டைமூக்குப் பழ வௌவாலின் ஆண், உள்பக்கக் கிளைகளைக் கடித்துக் கடித்துக் கூடாரம் போல இடம் பண்ணும். பெண்கள் வந்து தங்கும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சும் ஒரு நோட்டும் போதும். (பிடித்து அடையாளம் இடுவதென்றால் அனுமதி பற்றி வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.) மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அங்கே பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன் காலத்திலிருந்தே வௌவால் ஆய்வுக்குப் பேர்போனது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) ராகவேந்திர கடக்கர் குளவிகளின் உடம்பில் பெயிண்ட் புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் கண்டார். ராணிக் குளவி சாதுவாக இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

வேலை என்று பார்த்தால் காட்டுயிரியலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கலாம். களப்பணி ஆள் எடுக்கும் இடங்களில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. உளவியல் வழியும் உண்டு: சிங்கவால் குரங்குகளை ஆராய்ந்த மேவா சிங், மைசூர் பல்கலைக்கழக உளவியல் துறைக்காரர். அந்தப் பக்கம் நான் போனதில்லை.

சேரும் முன் துறையில் பழைய ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். நடத்தைக்கு வழிகாட்டி இல்லாத விலங்கியல் துறை என்றால் நான் சொன்னது எதுவும் செல்லாது, பட்டுப்புழுவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.