ஏழு தலைமுறையா, ஒரே ஒரு பாட்டியா? குடும்ப வரலாற்றுக்கு ஆண்டு இலக்கு வைப்பவர்களுக்கு

குடும்ப வரலாற்றைத் தேடிப் புறப்படுகிறவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் இலக்குகள் பெரும்பாலும் நான்குதான். ஏழு தலைமுறை வரை பெயர் கண்டுபிடித்து மரம் வரைவது ஒன்று. வீட்டுப் பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வது ஒன்று. பத்திரம், பதிவேடு என்று காகிதங்களைத் திரட்டுவது மற்றொன்று. நான்காவது, எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவது. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்துவிடலாம் என்று தொடங்குகிறவர்கள் சித்திரைக்குள் ஓய்ந்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஒருவருக்கு இதற்கென்று கிடைப்பவை சில ஞாயிற்றுக்கிழமைகளும் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும் விடுப்பும்தான். ஆகவே ஒன்றை முன்னால் வைத்தாக வேண்டும். எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுப்பது என்பதே நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால் இந்த நான்கும் சம எடை உள்ளவை அல்ல.

ஏழு தலைமுறை

கேட்கக் கம்பீரமான இலக்கு. உறவினர்களிடம் சொன்னால் உடனே ஆர்வம் காட்டுவார்கள். ஆனால் இது பெரும்பாலும் மேல்நாட்டு வழிகாட்டிகளைப் படித்து வருவது. அங்கே இதற்கு அடித்தளம் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஜனவரியில் பொதுப் பார்வைக்கு வந்தன. அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு அதே ஆண்டு ஏப்ரலில் வெளியானது. வீட்டில் யார் யார் இருந்தார்கள், வயதென்ன, எங்கே பிறந்தார்கள் என்பதெல்லாம் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரே தாளில் கிடைக்கும்போது, ‘இந்த ஆண்டு இரண்டு தலைமுறை மேலே’ என்று திட்டமிடுவது நியாயம். இந்தியாவிலும் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள். ஆனால் 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். வீடு வீடாக எழுதிய தாள் நம் கைக்கு வராது.

இதற்கு மேல் நம் பெயரிடும் வழக்கம் இருக்கிறது. குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் முத்துச்சாமி மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்துச்சாமி என்று ஒரு நூற்றாண்டு ஓடும். அதே ஊரில் பங்காளி வீட்டிலும் அதே இரண்டு பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஊரும் ஆண்டும் நிலமும் சேர்ந்து வராத வெறும் பெயர் நான்காம் தலைமுறைக்கு அப்பால் ஊகம்தான். இலக்கே எண்ணிக்கை என்று ஆகிவிட்டால், ஊகத்தை உறுதி என்று எழுதிவிடும் ஆசை வந்துவிடுகிறது. ஊரறிந்த ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவந்து மரத்தின் உச்சியில் உட்கார வைப்பதும் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

இந்த இலக்கு பொருந்துகிறவர்களும் உண்டு. நகரத்தார் குடும்பங்களில் ஒவ்வொரு திருமணமும் ஒன்பது கோயில்களில் தங்களுக்குரிய கோயிலில் பதிவாகி, மணமான தம்பதியை ஒரு ‘புள்ளி’ என்று எண்ணும் கணக்கில் சேர்வதால், மேலே ஏறப் படி இருக்கிறது. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் தந்தை வழியில் மூன்று தலைமுறையும் தாய் வழியில் மூன்று தலைமுறையும் பெயரோடு நினைவில் நிற்கின்றன. மொரீஷியஸ் தமிழர்களுக்கோ இது உணர்ச்சி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. இந்திய வம்சாவளியினரான அந்நாட்டவரில் ஏழாம் தலைமுறை வரைக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வழங்கப்படும் என்று இந்திய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. அவர்கள் தலைமுறையை எண்ணத்தான் வேண்டும். மற்றவர்கள் முதல் ஆண்டில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெரியவர்களின் பேச்சு

என் தேர்வு இதுதான். காப்பகத்தில் இருக்கும் ஏடு அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதான பெரியம்மாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அவர் போனால் ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் போவதில்லை. எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்த வீட்டோடு பேச்சு நின்றது, ஏன் ஊர் மாறினோம் என்கிற காரணங்கள் எல்லாம் போய்விடும். அவற்றை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் குறை உண்மையானது. நினைவு பிசகும். இரண்டு தலைமுறை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்; இறந்துபோன மூத்த தாரம் கதையிலிருந்து நழுவிவிடுவார்; சொத்துத் தகராறு மெல்ல மறைக்கப்படும். அதனால் நினைவை ஒதுக்கத் தேவையில்லை. கேட்கிற முறையை மாற்றினால் பாதிப் பிசகு தீரும். ‘தாத்தா எந்த வருஷம் பிறந்தார்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘தனுஷ்கோடி புயலின்போது அப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?’ என்று கேட்டால் வரும். அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. தஞ்சைக் கடலோரத்துக்காரர்களிடம் 1952 நவம்பர் புயலைக் கேட்கலாம். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் என்றால், 1942 இல் ஜப்பான் படைக்குப் பயந்து நடந்தே வந்தவர்களா, அறுபதுகளில் கடைகள் நாட்டுடைமையான பிறகு கப்பலில் வந்தவர்களா என்பதே முதல் கேள்வி. மலேயாவுக்குப் போய்வந்த வீட்டில் ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே பேச்சு திறந்துகொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ‘ராட்சச வருஷம் ஆவணி’ என்றால் 1915 ஆகவும் இருக்கலாம், 1975 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு இடைவெளி என்பதால் ஆளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ‘தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்கள் நாங்கள்’ என்று ஒரு குடும்பம் சொல்லிக்கொண்டால் அது 1876இல் தொடங்கிய பஞ்சம். அந்த ஒரு வரி, குடும்பம் ஊர் மாறிய காலத்தைப் பெரும்பாலான காகிதங்களை விடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

யாரிடம் முதலில் போவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லோரும் தாத்தாவிடம் போகிறார்கள். நான் அத்தைகளிடம் போகச் சொல்வேன். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டு நினைவு அந்த வயதோடு உறைந்து நிற்கிறது. பிற்காலத்துச் சண்டைகள் அதில் அவ்வளவாகக் கலப்பதில்லை. மருமகளாக வந்தவர்களோ, வீட்டுக்காரர்கள் சொல்லத் தயங்குவதை மெல்லச் சொல்வார்கள். ஒரே சம்பவத்தை இருவரிடமும் கேட்டு, இரண்டையும் திருத்தாமல் எழுதி வைக்க வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன்பு சம்மதம் கேளுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். களைத்தவரிடம் கேட்டு வாங்கும் பதில் நம்பத் தக்கதல்ல. மாதம் ஒருவர் என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு குரல்கள். மூத்தவர்கள் இன்னும் இருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதைவிடப் பெரிய இலக்கு தேவையில்லை.

காகிதங்கள்

காகிதங்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. வீட்டில் இருப்பவை கரையானுக்கும் மழைக்கும் வீடு மாற்றும் அவசரத்துக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. அலுவலகத்தில் இருப்பவை காத்திருக்கும். எனவே முதல் வகையைப் பேச்சுப் பதிவோடு சேர்த்தே செய்ய வேண்டும். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய பாஸ்போர்ட், கடிதங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. ஒரு கல்யாணத்து மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று அந்த நாளின் உறவு வட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு கல்யாணங்களின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஊர் உறவு அறுந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். பழையது என்று இதைத்தான் முதலில் எடைக்குப் போடுகிறார்கள்.

அலுவலகக் காகிதங்களில் சாதாரணக் குடும்பத்துக்கு மிகுதியாகத் தருவது சார்பதிவாளர் அலுவலகம். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் ஆவண எண்ணை வைத்து நகல் வாங்கலாம். அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்க 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் தகப்பன் பெயரோடு வருவார்கள். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் இன்னும் அரியது. இந்து வாரிசுரிமையில் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, விற்கும்போதும் பிரிக்கும்போதும் பெண் மக்களின் கையெழுத்து தேவைப்பட்டது. அந்த நியாயத்தோடு ஒரு நன்மையும் வந்து சேர்ந்தது: மகள் பெயர், அவர் கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் முத்திரைத் தாளில் ஏறிவிட்டன.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவதை முதல் ஆண்டு இலக்காக வைப்பவர்களைப் பார்க்கிறேன். அரும்பெரும் இடம் அது. ஆனாலும் குடியானவர் பெயர் அங்கே கண்ணில் படுவது அரிது. அரசுப் பணி, ஜமீன், இனாம் என்னும் மானிய நிலம் ஆகியவற்றோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கே அது கைகொடுக்கும். மூதாதையர் இனாம் நிலம் வைத்திருந்தார்கள் என்று உறுதியானால், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைத் தேடுவதை இரண்டாம் ஆண்டு இலக்காக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை வேறு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள் பங்கு ஆலயத்திலேயே இருப்பதால், அவர்கள் காகிதத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை.

கடல் கடந்தவர்களுக்கு வரிசை மாறும்

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு நான் மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. ஒப்பந்தக் கூலிகளை அங்கே ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் 1,52,000 பேருக்கு மேல். ஐந்து, ஆறு தலைமுறை கடந்துவிட்டதால் பெரியவர்களின் நினைவிலும் சொந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் இல்லை. அதே சமயம் தமிழ்நாட்டுக் குடியானவர் யாருக்கும் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதப்பட்டிருக்கின்றன. மனிதரைச் சரக்கைப் போலக் கணக்கெழுதிய கொடுமையின் ஏடு அது. அந்த ஏடுதான் இன்று கொள்ளுப்பேரனைச் சொந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறது. அவர்களுக்கு அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதே முதல் ஆண்டு வேலை. மொரீஷியஸில் மோக்கா நகரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்றப் பதிவேடுகளும் இதே தரத்தவை. ஊர்ப் பெயர் மட்டும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும்; பழைய வட ஆற்காடு, சித்தூர் ஜில்லாக்களின் கிராமப் பட்டியலை வைத்து ஒலித்துப் பார்க்க வேண்டிவரும்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணி வழியாகப் போனவர்கள். நேட்டாலைப் போன்ற ஆளுக்கொரு வரி அவர்களுக்கு எளிதில் கிடைக்காது. தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியோர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் விண்ணப்ப நகல்களும், அவர்களோடு வந்த முதியவர்களின் பேச்சும்தான் ஆதாரம். நீலகிரியில் குடியமர்ந்த அந்தத் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. மிக அவசரமான வேலை எங்கே என்று கேட்டால் அங்கேதான் என்பேன்.

மரபணுச் சோதனை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: முதல் ஆண்டுக்கு வேண்டாம். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும். அடுத்த தலைமுறையில் அது ஏறக்குறைய மூன்று விழுக்காடாகக் குறையும். அதற்கடுத்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இந்தக் கணக்கை வைத்தே நிறுவனங்கள் உறவுமுறையை ஊகிக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறைகளாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். நம் கிராமங்களில் சோதனை செய்துகொண்டவர்களும் குறைவு என்பதால் பொருந்தி வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர்கள். 2023இல் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததையும் மறக்க வேண்டாம். கசிந்தால் உங்கள் உடன்பிறந்தவர்களின் அந்தரங்கமும் சேர்ந்தே போகும். தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு வேறு வழி இல்லாதபோது இது நியாயமான வழி.

இலக்கை எப்படி எழுதுவது

‘கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிப்பேன்’ என்பது நம் கையில் இல்லை. ‘கொள்ளுத்தாத்தாவை அறிந்த மூவரிடம் பேசுவேன், அந்த நிலத்தின் வில்லங்கச் சான்றை எடுப்பேன்’ என்பது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது மாதிரி எழுதியவர்கள் ஆண்டு முடிவில் எதுவும் கிடைக்காவிட்டாலும், எங்கெல்லாம் தேடியாயிற்று என்ற குறிப்பாவது கையில் வைத்திருக்கிறார்கள். அடுத்து வருபவர் அதே கதவைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை.

எதைத் தேர்வது என்று இன்னும் தயங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை ஒரே ஒரு பாட்டி. உங்கள் வீட்டு மரத்தில் ‘இன்னாருடைய மனைவி’ என்று மட்டும் நிற்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன், உடன்பிறந்தவர்கள், எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளைகள், எது தங்கவில்லை. பட்டாவும் முன்னெழுத்தும் பெண்ணை விட்டுவிட்டு ஓடுகிறவை என்பதால் இதற்கு அத்தைகளின் பேச்சு, மொய் நோட்டு, விடுதலைப் பத்திரம் மூன்றும் தேவைப்படும். நான்கு இலக்குகளில் உருப்படியானவை இரண்டும் இந்த ஒரு கேள்விக்குள் தாமாகவே வந்துவிடுகின்றன.

காலண்டரில் ஒரு நாளை இப்போதே குறித்து வையுங்கள்: மாசி சிவராத்திரியோ பங்குனி உத்திரமோ, உங்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் நாள். அங்கே தலைக்கட்டு வரி எழுதுகிறவரிடம் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை சேர்த்ததை நான்கு பக்கம் அச்செடுத்து, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பிரதியாகக் கொடுத்துவிடுங்கள். தன் தாயின் பெயர் தப்பாக அச்சாகியிருப்பதைப் பார்த்த பிறகு எந்த அத்தையும் பேசாமல் இருக்க மாட்டார். அந்த ஓரத்துத் திருத்தங்களிலிருந்துதான் அடுத்த ஆண்டுக்கான கேள்வியை எடுக்க வேண்டும்.