12 வருடமாக ஒரே ஃப்ரெஞ்சு ஹார்ன்: எண்ணெய், நூல், அரித்துப்போன லீட்பைப்

டொராண்டோவில் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். கையில் இருப்பது 12 வருடத்துக்கு முன் பழையதாக வாங்கிய பித்தளை ஊதுகருவி, டபுள் ஹார்ன் வகை ஃப்ரெஞ்சு ஹார்ன். 1897-இல் ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் ஃப்ரிட்ஸ் குருஸ்பே கொண்டுவந்த அமைப்பு இது, எஃப் சுருதி ஹார்னும் பி ஃபிளாட் சுருதி ஹார்னும் ஒரே உடம்பில். எஃப் பக்கம் மட்டுமே சுமார் 3.7 மீட்டர் குழாய். அத்தனை வளைவுகளிலும் நம் மூச்சின் ஈரம் போய்த் தங்கும், பராமரிப்பில் முக்கால்வாசி அதைச் சமாளிப்பதுதான்.

ஆரம்பத்தில் வால்வு மந்தமானால் ஸ்லைடை (இழுத்தால் வெளியே வரும் வளைகுழாய்) கழற்றிக் குழாயில் எண்ணெய் ஊற்றுவேன், சரியாகும், மறுவாரம் திரும்ப ஒட்டும். குழாய்ச் சுவரில் இருக்கும் கிரீஸை எண்ணெய் கரைத்து வால்வுக்குள் சுழலும் ரோட்டருக்குக் கொண்டுபோகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது நீள ஊசி முனை உள்ள புட்டியால் சுவரில் படாமல் விடுகிறேன். அது போக வால்வின் மூடியைத் திறந்து அச்சு முனையில் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு, பின்பக்கம் அச்சு வெளியே வரும் இடுக்கில் ஒரு சொட்டு. புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள், தேய்மானம் தொடங்குவதே அங்கேதான்.

மூடியைத் திறக்கும்போதே ரோட்டர் முனையிலும் பக்கத்துத் தட்டிலும் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். லிவரை அழுத்தினாலும் விட்டாலும் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ரோட்டரைச் சரியான இடத்தில் தடுத்து நிறுத்தும் கார்க் அமுங்கிப்போனால் கோடு விலகும், சுரம் அடைத்த மாதிரி வரும். நான் ஒரு சீசன் முழுக்க என் உதட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பிரச்சினை கார்க்கில் இருந்தது.

லிவரை ரோட்டரோடு இணைக்கும் நூல் அறுந்தால் பயப்பட வேண்டாம். பின்னல் மீன்பிடி நூல் 20 சென்டிமீட்டர் வெட்டி, எட்டு வடிவில் சுற்றி, திருகை இறுக்கும் முன் லிவர் உயரத்தைச் சரிபார்த்தால் போதும், பத்து நிமிட வேலை. பெட்டியில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

எனக்குப் பெரிய செலவு வைத்தது லீட்பைப், அதாவது ஊதுவாய் பொருந்தும் முதல் குழாய். எட்டாவது வருடம் அதில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் காட்டிய கடையில் மேல்பூச்சான லாக்கர் போனதுதான், பாலிஷ் போதும் என்றார்கள். மனம் கேட்காமல் வேறொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே விளக்கு விட்டுக் காட்டினார். பித்தளையில் இருந்த துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிச்சம். அதற்கு மருந்து கிடையாது, குழாயையே மாற்றினோம். சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காமல் வாசித்தது, வருடக்கணக்கில் உள்ளே கழுவாமல் விட்டது, இரண்டும் என் தவறு. புதுக் குழாயில் மேல் சுரங்கள் முன்பைவிடத் தெளிவாக நிற்கின்றன, அந்த மகிழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர், வளையும் பிரஷ், லீட்பைப் மட்டும். கொதிநீர் கூடாது, லாக்கர் உரியும்.

ஸ்லைடு இறுகிவிட்டால் குறடு எடுக்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். ரோட்டரைக் கழற்றும் வேலையையும் நான் தொடுவதில்லை, தட்டு கொஞ்சம் கோணலாகத் திரும்பப் பொருந்தினாலும் வால்வு சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வால்வு சமீபமாக லொடலொடக்கிறது. கெட்டி எண்ணெய் விட்டால் அடங்குகிறது, ஆனால் அச்சு தேய்ந்துவிட்டதாம். ஜூன் கச்சேரி முடிந்ததும் கொடுக்கிறேன்.