மூன்று கணினிகளுக்கு ஒரே விசைப்பலகை: டெஸ்க்ஃப்ளோ மென்பொருளை ஓராண்டு பயன்படுத்திய பின்

ஒரே மேசையில் இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு தடுமாற்றம் நன்றாகவே தெரிந்திருக்கும். கண் வலப்பக்கத் திரையில் இருக்கும், கை இடப்பக்க விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வரி தட்டிய பிறகுதான் எழுத்தெல்லாம் வேறெங்கோ போய் விழுந்திருப்பது தெரியவரும். லினக்ஸ் மேசைக்கணினி, விண்டோஸ் மடிக்கணினி, மேக் என மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டிய நிலை எனக்கு. மூன்று விசைப்பலகைகளும் மூன்று மவுஸ்களும் மேசையை அடைத்துக்கொண்டதைவிட, ஒவ்வொரு முறை கை இடம் மாறும்போதும் எண்ணம் அறுபட்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. அதற்கு விடை தேடித்தான் டெஸ்க்ஃப்ளோவுக்கு வந்தேன்.

இது செய்வது இன்னதென்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கணினியில் இணைத்துள்ள விசைப்பலகையையும் மவுஸையும் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கணினிகளும் பயன்படுத்திக்கொள்ள இது வழி செய்கிறது. கர்சரைத் திரையின் விளிம்புவரை நகர்த்தினால் அது அடுத்த கணினியின் திரைக்குள் நுழைந்துவிடும். அதன் பின் தட்டுவதெல்லாம் அந்தக் கணினிக்கே போகும். திரைக்காட்சி எதுவும் கணினிகளுக்கிடையே பயணிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் அதற்கென ஒரு திரை இருந்தாக வேண்டும். ஒரே திரையைப் பல கணினிகளுக்கு மாற்றிக்கொள்ள விரும்புபவர்கள் கேவிஎம் சுவிட்ச் என்னும் கருவியைத்தான் வாங்க வேண்டும். தொலைவில் உள்ள கணினியை இயக்க நினைப்பவர்களுக்கும் இது உதவாது.

இந்த மென்பொருளின் வமிசம் சற்றுக் குழப்பமானது. 2001-இல் தொடங்கிய சினர்ஜியே இதன் மூலம். பின்னர் அது ஒரு நிறுவனத்தின் கட்டண மென்பொருளாக வளர்ந்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய அதன் திறந்த மூல நிரலிலிருந்து பாரியர் என்னும் மென்பொருள் கிளைத்தது, பாரியரிலிருந்து 2021-இல் இன்புட் லீப் கிளைத்தது. சினர்ஜியின் அடித்தளமாக விளங்கும் திறந்த மூலத் திட்டம் 2024-இல் டெஸ்க்ஃப்ளோ என்று பெயர் மாற்றம் பெற்றது. இன்றும் பலர் பாரியரையே பரிந்துரைப்பதைக் காண்கிறேன். 2021-இல் அதில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகள் 2.4.0 பதிப்பில் திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்குப் பின் அத்திட்டம் தேங்கிவிட்டது. தட்டும் ஒவ்வொரு விசையையும் கையாளும் ஒரு மென்பொருள் தொடர்ந்து பராமரிக்கப்படுவதாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நிறுவும் வேலை கடினமானதன்று. ஆனால் அதற்கு முன் ஒரு முடிவை நிதானமாக எடுக்க வேண்டும். எந்தக் கணினி சர்வர், எவையெல்லாம் கிளையன்ட் என்பதே அது. விசைப்பலகையும் மவுஸும் நேரடியாக இணைந்திருக்கும் கணினிதான் சர்வர்; அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவை கிளையன்ட். அது உறைந்துபோனால் மற்ற எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும் என்பதால், அடிக்கடி மறுதொடக்கம் கேட்காத, எப்போதும் மின்னிணைப்பில் இருக்கும் கணினியையே சர்வராக வைப்பது நல்லது. தொடக்கத்தில் நான் மடிக்கணினியைச் சர்வராக வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போன ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டும் கையிழந்து நின்றன. மேசைக்கணினிக்கு மாற்றிய நாளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

சர்வரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. மேசையில் திரைகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அந்தக் கட்டத்தில் திரைகளைக் குறிக்கும் படங்களை இழுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் கணினியின் பெயரைக் கொடுத்தால் போதும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் இணைப்பு ஏற்படாது; புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான். கிளையன்ட் கணினி முதன்முதலில் இணையும்போது சர்வரின் கைரேகை என்று நீண்டதோர் எண்ணெழுத்துக் கோவையைக் காட்டி, ஏற்கலாமா என்று கேட்கும். அதைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். சர்வரின் திரையில் காட்டப்படும் கோவையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். நாம் தட்டுவது உரிய கணினிக்குத்தான் போகிறது என்பதற்கு அந்த ஒப்பீடே பிணை.

பழகிய பின் கர்சரின் நடமாட்டம் மிக இயல்பாக இருக்கிறது. திரையின் நடு உயரத்தில் விளிம்பைக் கடந்தால், அடுத்த திரை பெரியதோ சிறியதோ, அதன் நடு உயரத்திலேயே கர்சர் வெளிப்படுகிறது. ஆனால் முதல் இரண்டு நாட்கள் ஒரு சிறு எரிச்சல் உண்டு. விண்டோஸில் சாளரத்தை மூடும் பெருக்கல் குறி வலது மேல் மூலையில் இருக்கிறது அல்லவா? அதை நோக்கி மவுஸைச் சட்டென்று தள்ளுவது நம் கையின் பழக்கம். இப்போது அங்கே சுவர் இல்லை என்பதால் கர்சர் குறியைத் தாண்டிப் பக்கத்துத் திரைக்குள் ஓடிவிடும். இதற்கு அமைப்பிலேயே மருந்து இருக்கிறது: மூலைகளைக் கடக்க முடியாதபடி அடைத்துவிடலாம், அல்லது விளிம்பில் 250 மில்லிநொடி போலச் சிறிது நேரம் நின்றால்தான் கடக்கும் என்று வைக்கலாம், விளிம்பை இருமுறை தட்டினால் மட்டும் கடக்கும்படியும் செய்யலாம். மூலைகளை அடைப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. கர்சரை ஒரே திரையில் பூட்டி வைக்க ஸ்க்ரோல் லாக் விசை உதவுகிறது. அவ்விசை இல்லாத விசைப்பலகை என்றால் வேறொரு விசைச்சேர்க்கையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அன்றாட வேலையில் நான் மிகவும் மதிப்பது கிளிப்போர்டுப் பகிர்வைத்தான். ஒரு கணினியில் நகலெடுத்த இணைய முகவரியையோ பத்தியையோ, கர்சரை நகர்த்திச் சென்று அடுத்த கணினியில் அப்படியே ஒட்டிவிடலாம். முன்பெல்லாம் எனக்கு நானே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரிய படத்தை நகலெடுத்துக்கொண்டு விளிம்பைக் கடந்தால் ஒரு கணம் தயங்கும். உரைக்கு அந்தத் தயக்கம் இல்லை. கோப்புகளை அனுப்ப இதை நம்ப வேண்டாம். அதற்குப் பகிர்கோப்புறையே சிறந்தது.

மேக்கைக் கிளையன்டாக வைத்திருப்பவர்கள் ஒரு மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். நகலெடுக்க மேக் எதிர்பார்ப்பது கமாண்ட் விசையை. நம் விரல் போவதோ கண்ட்ரோல் விசைக்கு. மேக்கின் திரைக்கு மட்டும் கண்ட்ரோலையும் சூப்பர் விசையையும் (விண்டோஸ் விசை) இடம் மாற்றி அமைத்துவிட்டால், மூன்று கணினிகளிலும் விரல் ஒரே இடத்துக்குப் போகும். இந்த ஒரு மாற்றமே எனக்குப் பாதி வெற்றி.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதைப் பற்றி யாரும் எழுதி நான் காணாததால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு விசையை அழுத்தும்போது சர்வர் அனுப்புவது விசையின் இடத்தை மட்டுமன்று, அந்த விசை சர்வரின் அப்போதைய விசைப்பலகை அமைப்பில் எந்த எழுத்தைத் தருகிறதோ அதையும் சேர்த்துத்தான். கிளையன்ட் கணினி அந்த எழுத்தைத் தன் அமைப்பில் தேடி, அதற்குரிய விசையை அழுத்தியதுபோல் செய்கிறது. ஆகவே சர்வரில் தமிழ் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது ஆங்கில அமைப்பில் உள்ள கிளையன்டுக்குச் சென்றால், அனுப்பிய எழுத்து அங்கே கிடைக்காமல் போகலாம். நான் கடைப்பிடிக்கும் வழி எளியது. கர்சர் எல்லை கடக்கும் முன் சர்வரை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறேன். தமிழ்99 என்னும் விசைப்பலகை முறைக்கான மாற்றத்தை அந்தந்தக் கிளையன்ட் கணினியிலுள்ள தட்டச்சுக் கருவியே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதிலும் ஆங்கில அமைப்பின் மேல் அமர்ந்து எழுத்தை மாற்றித் தரும் வகைக் கருவிகளே இதற்கு ஏற்றவை. சர்வரிலேயே அமர்ந்து தட்டும்போது இந்தச் சிக்கல் எதுவுமே எழாது; ஆகவே எந்தக் கணினியில் தமிழில் அதிகம் எழுதுகிறீர்களோ அதையே சர்வராக்கிக்கொள்வது நல்லது.

நெட்வொர்க்கைப் பொறுத்தவரை, அனுப்பப்படும் தரவு மிகச் சிறியது. வேகமான இணைப்பைவிடச் சீரான இணைப்பே முக்கியம். சர்வரைக் கேபிளால் ரௌட்டரோடு இணைத்த பிறகு, வைஃபையில் அவ்வப்போது தோன்றிய கர்சரின் திக்கல் எனக்குப் பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்த மென்பொருளின் தரவு சென்று வரும் 24800 என்ற போர்ட்டை, கணினியின் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் தடுக்காமல் இருக்க வேண்டும். நான் பணி செய்த ஓர் அலுவலகத்தின் மடிக்கணினியில், அலுவலக நெட்வொர்க்கோடு தனிவழியில் இணைக்கும் விபிஎன் இயங்கத் தொடங்கிய கணமே இணைப்பு அறுந்தது. உள்ளூர் நெட்வொர்க்கையே அது மறைத்துவிட்டதுதான் காரணம். அதைச் சரிசெய்ய நாமே குறுக்குவழி தேடக் கூடாது. அலுவலகக் கணினியில் இத்தகைய மென்பொருளை நிறுவவே முறையான அனுமதி பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தட்டுவதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி, இணைப்பு டிஎல்எஸ் என்னும் மறையாக்கத்தோடு செல்கிறது. அதை எக்காரணம் கொண்டும் அணைத்துவிட வேண்டாம். ஆனால் எந்த மறையாக்கமும் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. ஒரு மாலை விண்டோஸ் திரையில் கடவுச்சொல் பெட்டியைப் பார்த்தபடி கடவுச்சொல்லைத் தட்டி என்டரும் அழுத்தினேன். கர்சர் நின்றது மேக்கில், திறந்திருந்த ஒரு குழு உரையாடலில். கடவுச்சொல் அத்தனை பேர் கண்ணிலும் பட்டது. அப்போதே அதை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கடவுச்சொல் தட்டும் முன் மவுஸைச் சிறிது அசைத்து, கர்சர் எங்கே நகர்கிறது என்று கண்ணால் பார்த்த பின்பே விரலை வைக்கிறேன்.

இயங்குதளங்களின் கெடுபிடிகளும் இருக்கின்றன. மேக்கில் அணுகல்தன்மை அனுமதி வழங்காமல் இது இயங்காது. லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் புதிய முறையான வேலாண்டைப் பயன்படுத்துபவர்களுக்கு க்னோம் 46 அல்லது கேடிஇ பிளாஸ்மா 6.1 போன்ற மேசைச்சூழல்களின் புதிய பதிப்புகள் தேவை. பழைய முறையான எக்ஸ்11-இல் சிக்கல் குறைவு.

உங்களிடம் உள்ளவை எல்லாம் விண்டோஸ் கணினிகள்தான் என்றால் டெஸ்க்ஃப்ளோவைத் தேட வேண்டியதே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் 2011-இல் வெளிவந்து, 2023 முதல் பவர்டாய்ஸ் தொகுப்பின் பகுதியாகவே கிடைக்கிறது. நான்கு கணினிகள்வரை இணைக்கும், 100 எம்பிக்குட்பட்ட கோப்பையும் நகலெடுத்து ஒட்ட விடும். எல்லாமே ஆப்பிள் சாதனங்கள் என்றால் 2022-இல் மேக்ஓஎஸ் 12.3, ஐபேட்ஓஎஸ் 15.4 ஆகியவற்றோடு வந்த யுனிவர்சல் கண்ட்ரோல் இருக்கிறது. ஒரே ஆப்பிள் கணக்கில், 10 மீட்டருக்குள் இருந்தால் எதையும் நிறுவாமலே இயங்கும். இயங்குதளங்கள் கலந்திருக்கும் மேசைக்குத்தான் டெஸ்க்ஃப்ளோ; அந்த மேசைக்கு இதைவிடப் பொருத்தமான இலவச மென்பொருளை நான் காணவில்லை.

வேகமான விளையாட்டுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரைபலகையின் பேனா அழுத்தமும் எல்லை கடந்து போகாது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலும், வட்டு மறையாக்கத்துக்கான கடவுச்சொல் கேட்கும் இடத்திலும் மென்பொருள் இன்னும் விழித்திருக்காது என்பதால், அந்தக் கணினியில் நேரடியாகச் செருகிய விசைப்பலகைதான் வேலை செய்யும். அந்த ஒரு தேவைக்காகவே சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.