மெதுவா ஓட்டவா, வேகமா ஓட்டவா?
மெட்டல் 3D பிரிண்டிங்ல உலோகப் பவுடர லேயர் லேயரா பரப்பி லேசரால உருக்கித்தான் பொருள செய்றோம். அதுல லேசர் பவர் அதே தான், லேசர் நகர்ற ஸ்பீடு மட்டும் மாத்துறோம்னு வச்சுக்கோங்க. வேகமா ஓட்டினா நேரம் மிச்சம், ஆனா உருகின உலோகம் நீளமா இழுபட்டு அறுந்து குட்டி குட்டி உருண்டையா உறைஞ்சிடும், விரல வச்சு தடவினா உப்புத்தாள் மாதிரி நறநறங்கும், லேயரே 30, 40 மைக்ரான் தான்ங்கிறதால பவுடர் பரப்புற பிளேடு அந்த உருண்டைல இடிச்சு நின்னாலும் நிக்கும். மெதுவா ஓட்டினா மேல்பக்கம் வழவழன்னு வரும். அதுக்குன்னு ரொம்ப மெதுவா போனா உலோகமே ஆவியாகி ஆழமா குழி விழுந்து உள்ள குமிழி மாட்டிக்கும், தொங்குற அடிப்பக்கம் கீழ இருக்கிற பவுடரயும் சேத்து உருக்கி கரடுமுரடா ஆகிடும் (அத சுரண்டி எடுக்கிறது தனி தலைவலி). என் ஓட்டு கொஞ்சம் மெதுவுக்கு தான், அடிப்பக்கத்துக்கு மட்டும் எனர்ஜிய குறைச்சு தனி செட்டிங் போட்டுக்கோங்க.