என்பிடெல் நரம்பியல் பாடங்கள்: நெல்லை பி.எஸ்சி மாணவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. செயின்ட் சேவியர்ஸ், செயின்ட் ஜான்ஸ், சாரா டக்கர் என்று கூப்பிடு தூரத்துக்கு ஒன்று. ஆனால் நியூரோசயின்ஸ் என்றே பெயர் போட்ட இளங்கலைப் பட்டம் இந்தியாவிலேயே அரிது. அதனால் மூளையைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, “விலங்கியல் சேரு, மிச்சத்தை என்பிடெலில் பார்த்துக்கோ” என்பதுதான். என்பிடெல் என்பது ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் வீடியோப் பாடத் திட்டம். யோசனை பாதி சரி. எந்தப் பாதி என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

அளவுகோலாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நியூரோசயின்ஸ் மேஜரை வைத்துக்கொள்ளலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கால்குலஸ், புள்ளியியல், அறிமுக உளவியல் ஆகியவை அங்கே அடித்தளம். அதன் மேல் செல் நரம்பியல், நடத்தை நரம்பியல், ஆய்வகம், கடைசி வருட ஆய்வு. நம் விலங்கியல் பட்டத்தில் உயிரியலும் துணைப்பாடமாக வேதியியலும் வந்துவிடும். கால்குலஸும் இயற்பியலும் பெரும்பாலும் வராது. பையன் மூளைப் படத்தில் பாகம் குறிப்பதில் கெட்டிக்காரனாக இருப்பான், சமன்பாட்டைக் கண்டால் பக்கத்தைத் திருப்புவான்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஐஐடி மெட்ராஸின் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி நடத்தும் ‘டீமிஸ்டிஃபையிங் த ப்ரெய்ன்’ நல்ல வாசல். நினைவு, உணர்ச்சி, நியூரான் வலைப்பின்னல் என்று பரந்து போகும், கணக்கு மிரட்டாது. அடுத்து ஐஐடி கான்பூரின் மைனாக் தாஸ் நடத்தும் ‘பயோஎலக்ட்ரிசிட்டி’. ஐஐடி கரக்பூரின் ‘கம்ப்யூடேஷனல் நியூரோசயின்ஸ்’ பெயரைப் பார்த்து முதல் வருடத்திலேயே அதில் குதிக்க வேண்டாம். வகைக்கெழுச் சமன்பாடு தெரியாமல் போனால் சில வாரத்திலேயே மூச்சு முட்டும். பாடத்தின் மேல் குற்றமில்லை. பி.டெக் பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது, அவ்வளவுதான்.

தயாரா இல்லையா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. நெர்ன்ஸ்ட் சமன்பாடு, அயனியின் செறிவு வித்தியாசத்திலிருந்து செல் சவ்வின் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது. அதில் பொட்டாசியம் செல்லுக்கு வெளியே 5, உள்ளே 140 மில்லிமோலார். உடல் வெப்பமான 37 டிகிரியில் 61.5-ஐ லாக்(5/140)-ஆல் பெருக்க மைனஸ் 89 மில்லிவோல்ட் வரும். பிளஸ் 89 வந்தால் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். மைனஸ் 205 வந்தால் கால்குலேட்டரில் லாகுக்குப் பதில் எல்என் (இயல் மடக்கை) அழுத்தியிருக்கிறீர்கள். வெளிப் பொட்டாசியத்தை 10 ஆக்குங்கள், மைனஸ் 70-ஐ ஒட்டி ஏறிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் மருத்துவர் ஏன் பதறுகிறார் என்பது இந்த ஒற்றை வரியில் இருக்கிறது. இதைத் தாளில் போடவும் வாயால் விளக்கவும் முடிகிறவர் அடுத்த படிக்குப் போகலாம்.

அடுத்த படி, 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் ராட்சத நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று விளக்க எழுதிய நான்கு சமன்பாடுகள். வீடியோவை மட்டும் பார்த்தால் இவை தலைக்குள் இறங்காது. பைதானில் ஐம்பது வரி எழுதிப் பார்த்தால் இறங்கும். சின்னச் சின்ன நேர அடிகளாகக் கணக்கிடும் ஆய்லர் முறையில் கால இடைவெளியை 0.01 மில்லிசெகண்ட் வையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று 0.1 வைத்தால், சோடியம் வாயில்கள் திறக்கும் நேரத்தில் மின்னழுத்தம் அந்த இடைவெளியைவிட வேகமாக மாறுவதால் கணக்கு தறிகெட்டு, வரைபடம் தாளைவிட்டே ஓடும். பிழை நிரலில் இருக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேடுகிறவர்கள் உண்டு.

இனி காசும் விதியும். வீடியோ பார்ப்பதும் சேர்வதும் இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து 1000 ரூபாய் கட்ட வேண்டும். சேர்ந்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைத்துத் தேதியைக் கோட்டைவிடுவது வருடா வருடம் நடக்கிறது. மதிப்பெண்ணில் வீட்டுப்பாடம் 25, நேரில் போய் எழுதும் தேர்வு 75. 12 வாரப் பாடமென்றால் சிறந்த 8 வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். 25-க்கு 10, 75-க்கு 30 இரண்டும் தனித்தனியே வந்தால்தான் சான்றிதழ். ஒன்றில் குவித்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. பதிவு திறந்த உடனே பக்கத்து ஊரைத் தேர்வு மையமாகக் கேட்டுவிடுவது நல்லது. கிரெடிட் மாற்றம் (இந்த மதிப்பெண்ணைக் கல்லூரிப் பட்டத்தில் சேர்ப்பது) வேண்டுமானால் பாடம் தொடங்குமுன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால் காரியம் ஆகாது.

என்பிடெலால் முடியவே முடியாதது ஆய்வகம். வீடியோவில் மூளையைக் கையில் பிடிக்க முடியாது. ஆய்வகத்தில் விலங்கை அறுப்பதற்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. கைக்கெட்டிய மாற்று, இறைச்சிக்கு வெட்டிய ஆட்டின் தலை. மேலப்பாளையம் பக்கம் அதற்குக் குறைவில்லை. துறையில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கறிக்கடை பாயிடம் முந்தின நாளே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தலையைச் சுடக்கூடாது, நடுவில் பிளக்கக்கூடாது. சுட்டால் வெளிப்புறம் வெந்துவிடும். குழம்புக்கு வெட்டுவதுபோல் பிளந்தால் பார்க்க வேண்டிய கார்பஸ் கலோசம் (மூளையின் இரண்டு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம்) கூழாகிவிடும். மண்டையோட்டை ஓரத்திலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்த்து எடுக்க அரை மணி நேரமாவது ஆகும். மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறையைப் பிய்க்காமல் கத்தரியால் கீறி மட்டும் விடுங்கள்.

எடுத்த மூளை கெடாமல் இறுக, கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 200 மில்லியோடு தண்ணீர் 1.8 லிட்டர் சேர்த்தால் ஒரு மூளைக்குப் போதும். வாளியின் அடியில் போட்டுவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அடிப்பக்க ரத்தக்குழாய்க்குக் கீழே நூலைக் கோத்துத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து அறுக்கலாம். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். ஃபார்மலின் இல்லை என்று ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் திசுவைக் கிழித்து, உருகும்போது கஞ்சியாகிவிடும். முன்பக்கம் துருத்தி நிற்கும் மோப்பக் குமிழைப் பார்க்கும்போதுதான், மனித மூளைப் படத்தில் அது எவ்வளவு சுருங்கிக் கிடக்கிறது என்பது உறைக்கும்.

இன்னும் பிளஸ் டூ முடிக்காதவர்களுக்கு இதெல்லாம் சுற்று வழி. அவர்கள் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வைப் பார்க்கலாம். ஐஐடி மெட்ராஸின் ‘மெடிக்கல் சயின்சஸ் அண்ட் எஞ்சினியரிங்’ பி.எஸ் படிப்புக்கும் அதே தேர்வுதான். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15 கேள்வி. கணக்கு வேண்டாமென்று பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர் அந்தப் பதினைந்தைத் தானாகத்தான் படித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் குரூப் கேட்பார்கள் இல்லையா, உண்மையான முடிவு அன்றைக்கே எடுக்கப்படுகிறது.

எங்கள் கணிப்பில் பாடத்துக்கு ஐந்தில் நான்கு. ஆய்வகத்துக்குப் பூஜ்யம், அதை என்பிடெல் தருவதாகச் சொல்லவும் இல்லை.